ரபீக்கா மிஸ்ஸின் சோற்றுப் பார்சல்

கணக்காய்வு அலுவலகத்து ஜீப்பைப் பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். அவ்வளவு காலமும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் எங்கள் கணக்காய்வாளர் ரபீக்கா மிஸ் ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து காலையில் வருவார். கையில் சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், குறிப்பெழுத ஒரு கொப்பி. பரிசோதனைக்குப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்க மாட்டார். அவருக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை. பிளேன்டி என்று வெறுந்தேநீர் நீட்டியவர்கள் முகம் கறுத்து நிற்க, எனக்குத்தான் வெட்கம். மனுசருக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டே விட்டேன். மரியாதைக்காகத்தான் குடிப்பதில்லை, யோகராசா அண்ணன், என்றார். எனக்கு விளங்கவில்லை.

அவருடைய அறிக்கைகளுக்கு யாரும் மரியாதை தந்ததாகவும் தெரியவில்லை. இந்தப் பாலத்தில் சீமெந்து போதாது, அந்தக் கட்டடத்துக்குக் கூரையே இல்லை என்று எழுதுவார். ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று பதில் வரும். தின்றவர் தின்றுவிட்டுப் பென்சனும் எடுத்துக்கொண்டு போவார். பிறகு சட்டம் மாறியது. பொதுப்பணத்தை விழுங்கியவரிடமிருந்தே அதைத் திரும்ப அறவிடக் கணக்காய்வுக்கு அதிகாரம் வந்தது. மிஸ் அதை அறிவித்த கடிதத்தை ஜீப்பில் இருந்தபடி இரண்டு தரம் வாசித்தார், மூன்றாம் தரம் எனக்கும் வாசித்துக் காட்டினார். பார்ப்போம் என்றேன், நம்பாமல்தான்.

முதலில் கைக்கு வந்தது வள்ளங்களின் கோப்பு. ஒரு திட்டத்தில் இருபது பைபர் வள்ளங்கள், இயந்திரத்தோடு. சல்லிக் கிராமத்துக்குப் பத்து, நிலாவெளி மீனவர் சங்கம் ஒன்றுக்குப் பத்து. எல்லாம் கொடுத்தாயிற்று என்றது கோப்பு. தங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை என்று எழுதியிருந்தார் நிலாவெளிச் சங்கத் தலைவி இரத்தினேஸ்வரி. அங்கே பத்துக் குடும்பங்கள், சொந்த வள்ளம் வருமென்று நம்பி, இரண்டு வருடமாக அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தன. நேரில் பார்க்கப் போகிற அன்றைக்கு மிஸ் ‘இருக்கிறது’ என்று ஒப்பமிட்டால் கோப்பு மூடப்படும், அவர்கள் கடைசிவரை கூலிதான்.

சல்லியில் பத்தும் வரிசையாக நின்றன. திட்ட முகாமையாளர் பட்டியலை நீட்டினார். மிஸ் அதை வாங்காமல், ஒவ்வோர் இயந்திரத்தின் இலக்கத்தையும் குனிந்து பார்த்துத் தன் கொப்பியில் எழுதினார். மண்டை பிளக்கிற வெயில். நான் வாய்க்குள் திட்டினேன். முடிந்ததும் முகாமையாளர் குழைந்தார். பக்கத்து வீட்டில் இறால் கறி, கணவாய்ப் பிரட்டல் எல்லாம் ஆயத்தமாம்.

“சாப்பிடாமப் போக ஏலாது மிஸ். நிலாவெளி வள்ளம் எங்க ஓடப் போகுது? மூண்டு நாளாக் கரையிலதான் கிடக்குது.”

இறால் வாசம் வீதி வரைக்கும் வந்தது. மிஸ் ஜீப்பில் ஏறிவிட்டார். இதுவும் ஒரு மனுசியா என்று நினைத்தேன், கடவுள் மன்னிக்கட்டும்.

கால் மணித்தியாலத்தில் நிலாவெளிக் கரை. இரத்தினேஸ்வரி நின்றார், வள்ளம் ஒன்றும் இல்லை. பின்னாலேயே வந்த முகாமையாளருக்கு வியர்த்து ஊற்றியது. தொலைபேசியைக் காதில் வைத்து வைத்துப் பார்த்தார். நடுக்கடல் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மிஸ் பூவரச நிழலில் குந்திப் பார்சலைப் பிரித்து, பாதியை எனக்குத் தந்தார். சோறு, பருப்பு, ஒரு துண்டு பாரை மீன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சல்லிப் பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று பத்து வள்ளங்கள் வந்து கரையேறின. இறால் கறி எங்களை ஒரு மணித்தியாலம் பிடித்துவைக்கும் என்று நம்பி அதே வள்ளங்களைக் கடல்வழியே அனுப்பியிருக்கிறார், பாவி. எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

மிஸ் கை கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்தார். பத்து இயந்திரங்களிலும் சல்லியில் எழுதிய அதே இலக்கங்கள். பிறகு இரத்தினேஸ்வரியிடம் இவை உங்களுடையவையா என்று கேட்டார். ஓம் என்று சொன்னால் வலையாவது கிடைக்கும், இல்லையென்றால் அதுவும் இல்லை என்று முகாமையாளர் முதல்நாளே அவரை மிரட்டியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

“இல்ல மிஸ். இது சல்லி ஆக்களின்ர. எங்களுக்கு ஒரு துடுப்புக்கூட ஒருத்தரும் தரேல்ல.”

அதையே எழுதி ஒப்பமிடச் சொன்னார் மிஸ். இரத்தினேஸ்வரி ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி ஒப்பமிட்டார்.

விசாரணை, மேன்முறையீடு என்று ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். மிஸ் விடவில்லை. கடைசியில் பத்து வள்ளங்களின் பெறுமதியும் முகாமையாளரிடமும் அவரோடு சேர்ந்து ஒப்பமிட்ட இருவரிடமும் பிடிக்கப்பட்டது. ‘அறவிடப்பட்டது’ என்ற சொல்லைக் கடிதத்தில் பார்த்து மிஸ் ஜீப்புக்குள் அழுதார். நானும்தான், ஏன் பொய் சொல்ல?

போன மாதம் பத்துப் புது வள்ளங்கள் நிலாவெளிக்கு வந்தன. இரத்தினேஸ்வரி வீட்டில் எங்களுக்கு அழைப்பு, இறால் கறி. மிஸ்ஸின் கையில் வழமையான பார்சலைக் கண்டதும், இன்றைக்கும் இறால் இல்லை என்று நினைத்தேன். இரத்தினேஸ்வரி தயங்கித் தயங்கி, கோப்பு மூடியாயிற்றா என்று கேட்டார். நேற்றே மூடியாயிற்று என்றார் மிஸ். பார்சலை என் மடியில் போட்டுவிட்டுப் பாயில் இருந்தார். மூன்று தரம் சோறு வாங்கினார்.

“பிளேன்டியும் ஊத்துங்க அக்கா,” என்றார். “யோகராசா அண்ணனுக்கு ரெண்டு. பதினொரு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கார்.”