நூர் பீவியின் வலது கால்

ராஜகீழ்ப்பாக்கத்தில் பாட்சா பாயின் பிரேக் ஷெட் எங்கே என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் வழி சொல்வார். ஆனால் அங்கே விட்ட வண்டி வெளியே வர பாட்சா சொன்னால் போதாது. அவர் மனைவி நூர் பீவி சொல்ல வேண்டும்.

பிரேக் வேலையில் கடைசிக் கட்டம் காற்று எடுப்பது. குழாயில் ஆயிலோடு காற்றும் புகுந்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே குந்தி, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். கல்யாணமான புதிதில், வேலையாள் வராத ஒரு நாள் பாட்சா மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்று ஏறியவள்தான், இருபத்திரண்டு வருஷமாகியும் அந்த இடத்தை விடவில்லை.

இத்தனைக்கும் அவள் ஒரு வண்டியை ஒரு அடிகூட ஓட்டியதில்லை. மற்ற இரண்டு பெடல்கள் எதற்கென்று கேட்டதுமில்லை. பிரேக் பெடலால் மட்டும் அவள் காலிடம் எதையும் மறைக்க முடியாது. மிதித்த இடத்தில் அசையாமல் நின்றால் "கல்லு" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் பாட்சா ஸ்பானரைக் கீழே வைப்பார்.

கிழக்குத் தாம்பரத்தில் பிசிக்ஸ் வாத்தியாராக இருக்கும் ஆரோன், அப்பாவின் பழைய எஸ்டீம் காரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடக்கும் அமெச்சூர் பந்தயத்துக்காகக் கொண்டுவந்தான். இன்ஜினை ஏற்கெனவே முறுக்கேற்றியிருந்தான். ஓடுகிற வேகத்துக்கு நிற்க வேண்டுமே! பாட்சா புதுப்பேட்டைக்குப் போய், பெரிய வண்டியின் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் தேடி வாங்கினார். அவற்றை உட்கார வைக்க லேத்தில் தனியாக பிராக்கெட் கடைந்தார். மாட்டியதும் அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின மத்தியானம் காற்றெடுத்தார்கள். நூர் பீவி மிதித்தாள், மறுபடி மிதித்தாள்.

"காத்து கீதுங்க" என்றாள்.

"மூணு வாட்டி எடுத்தாச்சு நூரு. காலிப்பர் பெர்சு, ஆயில் ஜாஸ்தி இழுக்கும். பெடல் கொஞ்சம் உள்ள போவத்தான் செய்யும்."

ஆரோன் செம்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "சூப்பரா பிடிக்குது பாய்!" என்றான். அவன் இறங்கியதும் நூர் பீவி அவன் கையிலிருந்த சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, காலைல ஏழு மணிக்கு அங்க செக்கிங். லேட்டானா உள்ளயே விட மாட்டாங்க. பத்து மாசமா இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"உள்ள வுடலன்னா திரும்பி வூட்டுக்குத்தானே வரப்போறீங்க தம்பி. வாங்க."

கஸ்டமர் முன்னால் இப்படிப் பேசினால் எந்த மெக்கானிக்குக்குத்தான் பொறுக்கும்? பாட்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்ப இன்னான்ற? எனக்கு வேல தெர்லன்றியா?"

"நீங்களே ஏறி மிதிங்க. மொத மிதி எவ்ளோ உள்ள போவுது, மூணாவது மிதி எங்க நிக்குதுன்னு பாருங்க."

முறைத்துக்கொண்டே ஏறினார். முதல் மிதியில் பெடல் பாதி வரை போனது. விடாமல் அடுத்தடுத்து மிதித்ததில் மூன்றாவது மிதியில் மேலேயே நின்றுவிட்டது. காற்று இல்லாத பிரேக் இப்படி மிதிக்கு ஒரு வேஷம் போடாது. பாட்சா இறங்கி, டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே படுத்தார்.

மேலே இருக்க வேண்டிய நிப்பிள் அடியில் இருந்தது. காற்று எப்போதும் மேலேதான் நிற்கும், அடியில் ஓட்டை வைத்து நூறு தரம் மிதித்தாலும் வராது. சின்னப் பிள்ளை செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்வது போல, இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கழற்றிய இடத்திலேயே திருப்பி மாட்டிப் பழகிய கை. ஒரே சாக்குப்பையில் வந்தவற்றில் இடம், வலம் பார்க்க அதற்குத் தோன்றவில்லை.

மாற்றி மாட்டி, மறுபடி காற்றெடுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டது. நூர் பீவி ஒரே மிதியில் "கல்லு" என்று சொல்லிச் சாவியை நீட்டினாள். பாட்சா அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீ மட்டும் அவரே போய் வாங்கி வந்தார்.

மறுநாள் ஆரோன் இருவரையும் வற்புறுத்தி அழைத்துப் போனான். ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் முன்னால் போன வண்டி சுழன்று பாதையின் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் எஸ்டீம் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. பாட்சா கண்ணை மூடிக்கொண்டார். நூர் பீவி மூடவில்லை. அவள் வலது கால் கேலரியின் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

டயர்கள் கத்தின. வண்டி கோணாமல், அலையாமல் வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

பந்தயம் நிறுத்தப்பட்டதும் ஆரோன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக நூர் பீவியிடம் வந்தான். அவனுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

"அக்கா, நேத்து மத்தியானமே நீங்க சாவிய குடுத்திருந்தீங்கன்னா..."

"குடுத்திருக்கவே மாட்டேன் தம்பி" என்றாள் நூர் பீவி.