மஞ்சள் பூசிய முழங்கால்கள்

பாரிஸ் உணவகங்களில் பதினொரு வருடம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் இறைச்சிக்கடை போட்டவன் நான். பெயர் அருட்பிரகாசம். ஒரு முழு ஆட்டுக் காலை எட்டே வெட்டில் கறித்துண்டாக்கிவிடுவேன். இதை யாரும் கேட்காமலே சொல்லுவதும் என் வழக்கம்.

2005இல் ஒருநாள் டாக்டர் கல்யாணி கடைக்கு வந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஆஸ்பத்திரி ஒன்றில் மூட்டு அறுவை சிகிச்சை செய்பவர்.

"பத்துப் பின்னங்கால் வேணும். முழங்கால் மூட்டுல கத்தியே படக்கூடாது," என்றார். "ரெண்டு சின்னத் துளை போட்டு, ஒண்ணுல கேமரா, இன்னொண்ணுல கருவி விட்டு ஆபரேஷன் பண்றோம். புதுசா கத்துக்கிற டாக்டர்ங்க மொதல்ல ஆட்டுக் கால்ல பழகணும்."

"அதுக்கென்ன டொக்டர், என்னட்டைச் சொல்லிப்போட்டியள், இனி யோசியாதேங்கோ," என்றேன். மூட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து முழுக் கால்களைக் கறுப்புப் பையில் கட்டினேன். அன்றைக்கே பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில், கடை வாடிக்கையாளர் கனகவல்லி அக்கா வீட்டில் பிறந்தநாள். அவருக்கும் பத்துக் கால், கறிக்கு வெட்டியது, அதே மாதிரிக் கறுப்புப் பையில்.

"பையிலை பேரை எழுதுங்கோவன்," என்றாள் மனைவி குமுதினி.

"எது எந்தப் பையெண்டு எனக்குத் தெரியாதே?" என்றேன்.

முதலில் அக்கா வீட்டில் ஒரு பையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயிற்சி அறையில் பத்து இளம் டாக்டர்கள் கையுறையோடு காத்திருந்தார்கள். கல்யாணி பையைத் திறந்தார். உள்ளே வெகு நேர்த்தியாக வெட்டிய கறித்துண்டுகள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணே, இதுல முழங்கால் எது?" என்று கேட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். கனகவல்லி அக்கா சமையலறையில் மஞ்சள் கைகளோடு நின்றார். "முழுசாய் அனுப்பியிருக்கிறியள், ரோஸ்ற் செய்யத்தானாக்கும் எண்டு நினைச்சு மஞ்சளும் உப்பும் பூசிப்போட்டன்."

கால்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினோம். உப்புப் போனது. மஞ்சள் போகவில்லை.

கறிப் பையை அக்காவிடம் விட்டுக் கால்களோடு நான் திரும்பியதும் பயிற்சி தொடங்கியது. மூட்டு விரிவதற்காக உள்ளே தண்ணீர் விட்டார்கள். துளை வழியாக மஞ்சளும் கூடவே போக, கமராப் படம் தெரிகிற முதல் திரை மங்கல் மஞ்சளானது. ஒரு வெள்ளைக்கார இளைஞர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மூட்டில் சீழ் பிடித்திருக்கிறது என்றார். கல்யாணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது சமையல் மஞ்சள் என்று விளக்கினார். இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்களுக்குத்தான் மூட்டு அத்துப்படியாச்சே, பண்ணிப் பாருங்க," என்று கமராவையும் கொக்கி போன்ற ஒரு கருவியையும் என்னிடம் நீட்டினார்.

மறுத்திருக்கலாம். மறுக்கிற புத்தி இருந்தால் பையில் பெயர் எழுதியிருப்பேன்.

கை வலப்பக்கம் போனால் படம் வேறெங்கோ போனது. "கையைப் பாக்காதீங்கண்ணே, திரையைப் பாருங்க." பார்த்தேன். திரை நிறைய நான் போட்டிருந்த சப்பாத்து. கமரா எப்போதோ வெளியே வந்திருந்தது.

மறுபடி உள்ளே விட்டபோது வெள்ளை வெளேரென்று, ஈரமாக, பிறை போல வளைந்த குருத்தெலும்பு தெரிந்தது. ஆறு வருடமாக அதை உடைத்து விற்றிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு மற்றக் கையிலிருந்த கொக்கியால் அதில் ஒரு பெரிய கோடு கிழித்தேன்.

"மனுஷனா இருந்தா இனி நொண்டிதான்," என்றார் கல்யாணி.

கருவியை வாங்கிக்கொண்டு, ஆட்டுக் காலை மடக்கிப் பிடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். பின்னேரம் வரை பிடித்தேன். அதில் பிழை விட வழியில்லை. அடுத்த பயிற்சிக்கும் என்னிடமே கால் வேண்டும் என்றார். மனைவியிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கடையை விட்டுப் புறப்படவேண்டும் என்பது நிபந்தனை.

நான் வெளியே வரும்போது, பிந்தி வந்த ஒரு பெண் டாக்டர், "தாங்க் யூ, டொக்டர்," என்று எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். தலையை மெல்ல ஆட்டிவிட்டு, மஞ்சள் ஒட்டியிருந்த கையைக் காற்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன்.