கண்ணுக்கு ஆகாத தூசி

விருதுநகரில் நான் லேசரில் கண்ணைச் சரிசெய்துகொண்ட அன்று, பக்கத்து நாற்காலியில் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு முதலாளி ஒருவர் இருந்தார். அவருக்கும் அதே சிகிச்சைதான். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு சொட்டு மருந்து கண்ணில் விழுந்தால் போதும், "ஏ யம்மா" என்று அலறுவார்.

"ஒரு மாசத்துக்கு வெடிமருந்து கலக்குற ரூம் பக்கம் போகக் கூடாதுன்னுட்டாக. தூசி கண்ணுக்கு ஆகாதாம்," என்றார்.

"அங்கன வேலை பாக்குறவுகளுக்கு?"

"அவுகளுக்குப் பழகிருச்சு அண்ணாச்சி."

மனசுக்குள் காறித் துப்பினேன். இவனெல்லாம் ஒரு மனுஷன்!

மறுநாள் வீட்டில் படுத்தபடி என் மிளகாய் வத்தல் கடைக்குப் போன் போட்டேன்.

"நெடி கண்ணுக்கு ஆகாதாம்யா, நான் வரலை. பொம்பளையாள்களை வச்சுக் காம்பு கிள்ளி மூடை போட்டுரு," என்றேன்.

"நெடி இன்னைக்கு ரொம்ப இருக்கு, மொதலாளி," என்றார் கணக்குப்பிள்ளை.

"அவுகளுக்குத்தான் பழகிருச்சே."

போனை வைத்த பிறகுதான் அந்த மனிதர் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடிதான் கொடுத்திருந்தார்கள்.