நவஹோச் சிறுமியும் கலண்டர் படமும்

சென்ற மாதம் கனடாவில் நான் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், தேவாலயத்துக் கீழறையில் நடக்கும் பழம்பொருள் விற்பனையில் சில தபாலட்டைகள் வாங்கினேன். அமெரிக்கப் பாலைநிலத்து நவஹோ பழங்குடியினரின் பழைய படங்கள். தறியில் கம்பளம் நெய்யும் பெண், மண் பூசிய வட்ட வீடு, ஆட்டுக்குட்டியை அணைத்தபடி கண்கூசி நிற்கும் சிறுமி. அவளுக்குக் கீழே 'நவஹோச் சிறுமி' என்று மட்டும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். படத்தைப் போடலாமா என்று அவள் வீட்டாரை யாராவது கேட்டிருப்பார்களா? அப்படி நினைத்தபோதுதான் உறைத்தது, கேட்காமல் போட்டவன் நானும்தான்.

முப்பது வருடங்களுக்கு முன், தங்களைக் கனடாவுக்கு எடுக்கச் சொல்லி, அகதி முகாமிலிருந்து அண்ணன் தன் மகளின் படத்தை அனுப்பியிருந்தார். எட்டு வயது. கிழிந்த சட்டை, கையில் வெறும் தட்டு. இங்குள்ள தமிழ்க் கடையொன்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கலண்டரை அப்போது நான்தான் தயாரித்தேன். அந்தப் படத்தைப் போட்டு 'அகதிச் சிறுமி' என்று எழுதினேன். பலரும் பாராட்டினார்கள். அந்த வருடம் முடியுமுன்னரே அண்ணன் குடும்பம் வந்து சேர்ந்தது. போன வீடுகளிலெல்லாம் குசினிச் சுவரில் அவளே தொங்கினாள்.

"தட்டுக்காரி வாறாள்!" என்று பிள்ளைகள் கத்தின.

படத்தைக் கலண்டருக்குக் கொடுத்தது தகப்பன் என்று அவள் நம்பினாள். நான் மறுக்கவில்லை. அண்ணனும் வாய் திறக்கவில்லை. அவருடைய செத்தவீட்டில்கூட அவள் ஒதுங்கியே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏறி லொங்குய்ய்க்கு, அவள் வீட்டுக்குப் போனேன்.

"பிள்ளை, அந்தப் படத்தைக் கலண்டரிலை போட்டது நான். போடேக்கை கொப்பருக்கு ஒண்டும் தெரியாது."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"அப்ப அப்பா ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாரும் என்ரை வீட்டிலை இருந்தனீங்கள். நான் கோவிச்சா எங்கை போறது எண்டு பயந்திருப்பர்."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை, சித்தப்பா?"

"வெக்கம். பேந்து, பழகிப்போச்சு."

அவள் அழவில்லை. "அம்மப்பாவைக் கூடாத மனுசன் எண்டு என்ரை பிள்ளையளுக்கும் சொல்லி வச்சிருக்கிறன். அதுகளுக்கும் நீங்களே சொல்லுங்கோ. பிரெஞ்சிலை. தமிழிலை சொன்னா அரைவாசிதான் விளங்கும்."

"என்ரை பிரெஞ்சு பால் வாங்கத்தான் காணும், பிள்ளை."

"கஷ்டப்பட்டுச் சொல்லுங்கோ."

குற்றம், மன்னிப்பு என்றெல்லாம் சுற்றிப் பேச எனக்குப் பிரெஞ்சு போதாது. எடுத்தேன், கேட்கவில்லை, பொய் சொன்னேன். இவற்றுக்கான சொற்கள் தெரியும். படிக்கட்டின் கீழே நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.