லயத்து வடிதொட்டியும் பரீனா ராத்தாவும்

பரீனா ராத்தாவைப் பற்றி எழுதும்படி நமது தண்ணீர் ஆய்வுகூடத்தில் கேட்டபோது முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். அவருடைய உம்மா இருக்கிறார், உடன் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே மேசையில் வேலை செய்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு உரிமை இல்லை. உங்களில் பலர் என்னை வாய் திறவாதவள் என்றே அறிவீர்கள். எழுத்தும் அப்படித்தான் திக்கித்திக்கி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்த செய்தி வந்தபோது யட்டவத்தயில் ஒரு கிணற்றடியில் மாதிரிப் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். அவரை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல்நாள் மாலைகூடத் தொலைபேசியில் சிரித்தார். "சாப்பாடுதான் வாயில வெக்க ஏலாது புள்ள, மத்தபடி நான் நல்லாத்தான் ஈக்கேன்." பஸ் பிடித்து அலுவிகாரையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். உம்மாதான் வந்து உள்ளே கூட்டிப்போனார்.

அவருடைய விரல்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாப்பா பித்தளைப் பெயர்ப்பலகை செய்பவர். எழுத்தைச் சுற்றியுள்ள பித்தளையை அரித்தெடுக்கப் பெரிக் குளோரைட்டுக் கரைசல் வேண்டும். லீவு நாட்களில் ராத்தா கடையில் கூடமாட நிற்பார், கையுறை போடமாட்டார். பெருநாளுக்கு முன்தினம் ஆய்வுகூடத்துக்கு ஒருத்தி மருதாணி கொண்டுவந்தாள். "எனக்கு வாணாம். வாப்பாட கடையிலயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்று மஞ்சட்கறை படிந்த கைகளை விரித்துக் காட்டினார். கலங்கல் நீரில் சேற்றைத் திரட்டிப் படியவைக்கவும் அதே பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்தது அந்தக் கைகளைப் பார்த்துத்தான்.

இரும்பின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். மண்ணுக்கடியில் காற்றுப்படாத இடத்தில் இரும்பு பெரஸ் வடிவில் தண்ணீரில் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றுப்பட்டால் அது பெரிக் இரும்பாக மாறும். நாம் குடிக்கும் தண்ணீரில் பெரிக் கரைந்து நிற்காது. செஞ்சேறாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்தச் சேற்றில் கொஞ்சம் அமிலமும் இரண்டு சொட்டுத் தயோசயனேற்றும் விட்டால் இரத்தம்போல் சிவக்கும். எத்தனையோ தடவை பார்த்த நிறந்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இப்பதான் உண்மையச் சொல்லுது" என்பார்.

எல்கடுவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக் குழாய்க்கிணற்றின் தண்ணீர் இந்த வகை. கிருமி இல்லாத நல்ல தண்ணீர். ஆனால் அதில் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றினால் மையாகக் கறுத்துவிடும். தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். கொழுந்து பறிக்கிற எங்கள் ஆட்கள் தண்ணீரைத் தேநீரில்தான் சோதிப்பார்கள். கறுத்தால் கெட்ட தண்ணீர். ஆகவே எல்லோரும் மலையூற்றுத் தண்ணீர் வழியும் பீலிக்குப் போனார்கள். அந்தப் பீலிக்கு மேலேதான் மேல்லயத்துக் கக்கூஸ்கள் இருக்கின்றன. மழை பிடித்தால் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எனக்கு நேர் இளைய தம்பி அதில்தான் போனான்.

இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ராத்தாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு வாப்பாவின் கடையிலிருந்து துளையிட்ட தகடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர் அந்தத் தகட்டின் வழியே மழைபோல் விழுந்து காற்றுப்பட வேண்டும். கீழே கல்லும் மணலும் போட்ட தொட்டி சேற்றைப் பிடித்துக்கொள்ளும். லயத்து ஆட்களும் சேர்ந்து வடிதொட்டியைக் கட்டினார்கள். பிறகு ராத்தா அந்தத் தண்ணீரிலேயே பிளேன்டீ ஊற்றினார். நல்ல சிவப்பு.

பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்வமணி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "மொதல்ல நீங்க குடிங்க நோனா. நீங்க எந்திரிச்சு நடந்தா நாங்க குடிக்கிறோம்."

"சீனி போடாமக் கொல்லப் பாக்குறீங்களா? சீனியப் போடுங்க!" என்றார் ராத்தா. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணைச் செருகிச் சுவரில் சாய்ந்தார். லயமே சிரித்தது. செல்வமணி அக்காவும் குடித்தார். அந்த மழைக்கு எங்கள் லயத்திலிருந்து ஒரு பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மணலில் சேறு நிறைந்தால் அதைக் கலக்கிக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காது. ராத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் திறந்துவிட்டார். எல்லோரும் வீட்டிலிருந்த நேரம். செக்கச்செவேல் என்ற சேறு வடிகால் கான் வழியாக ஒவ்வொரு வாசலையும் கடந்து ஓடியது.

"அடியே, இந்தச் சாக்கடையவா இம்புட்டு நாளா எங்க புள்ளைங்களுக்கு ஊத்துனீங்க?" என்று செல்வமணி அக்கா கத்தினார்.

"இது புள்ளைகள்ட வயித்துக்குப் போகாம நின்ன சாமான் அக்கா. தொட்டி வேல செஞ்சீக்கு."

"பளிங்கு மாதிரி வர்ற தண்ணிய உள்ள போட்டு அழுக வச்சிட்டுக் கதை சொல்றாங்க பாரு!"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு. நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து எங்களுக்கே பாடம் எடுக்குறியா?" என்றார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

நன்றாக வேலை செய்யச் செய்ய அழுக்காகத் தெரியும் தொட்டி அது. மறுநாளே குடங்கள் பீலிக்குப் போயின. எங்கள் வீடும் இன்னும் ஒரு வீடும் மட்டும் தொட்டியில் தண்ணீர் பிடித்தோம். அந்த இரண்டு வீட்டுக்காகவும் ராத்தா வந்து மணல் கழுவினார். திரும்பப் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கோவமா ஈக்கக்குள்ள டீ ஊத்தப்படாது புள்ள. ஆறட்டும், இன்ஷா அல்லாஹ்" என்றார். கோபம் ஆறுவதற்குள் அவர் போய்விட்டார்.

அதன்பிறகு நான் தனியே கழுவினேன். அந்த இன்னொரு வீட்டாரும் குடத்தோடு வரவில்லை. இப்போது அம்மாவும் பீலிக்குத்தான் போகிறார். நாலு பேரோடு ஒத்துப்போக வேண்டுமாம். இந்த மழைக்குச் செல்வமணி அக்காவின் பேத்தியை வார்ட்டில் வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

எங்கே தண்ணீர் கொடுத்தாலும், நிறம் மாறுகிறதா என்று சிறிது நேரம் வைத்துப் பார்த்துவிட்டுக் குடிப்பது ராத்தாவின் பழக்கம். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அது ஒன்றுதான்.

அவர் பெயரில் சதக்காவாக, தர்மமாக, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டப் பேசுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம், கட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரமும் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டாலும் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களில் யாராவது ஒருவர் எல்கடுவைக்கு வாருங்கள். மணலை நான் கழுவுகிறேன். சேறு வாசல்களைக் கடந்து ஓடும்போது செல்வமணி அக்கா வெளியே வருவார். அவரோடு பேசுவதற்கு ஒருவர் வேண்டும்.