நியான் எழுத்தும் மூன்று நானோமீட்டரும்

ஈப்போவில் கேமராவும் தொலைநோக்கியும் விற்கும் கடையில் அது என் முதல் மாதம். பல்கலைக்கழக விவாத மேடைகளில் கோப்பை வென்றவன் நான். வாடிக்கையாளரை வெல்வதா அரிது என்று எண்ணியிருந்தேன்.

கடை அடைக்கும் அந்திப் பொழுதில் பத்து காஜா ஊர்க்காரர் குமரன் அண்ணன் வந்தார். பழைய ரப்பர்த் தோட்டத்துத் திடலில் கேமரா நிறுத்தி விண்ணைப் படமெடுப்பவர். வான்பட ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு அவர் கையில். நான் விற்ற, ஒரே நிற ஒளியை மட்டும் விடும் நேரோபேண்ட் ஃபில்டரை மேசைமேல் வைத்தார்.

“தம்பி, இது டூப்ளிகேட்லா. கேமராவுக்குள்ள மாட்டி எடுத்தா ரோஜா நெபுலா மங்கலா வருது. குரூப்ல போட்டுருவேன்.”

அந்தச் செய்தி குழுவில் விழுந்தால் எங்கள் கடையின் பெயர் அன்றே கெடும். முதலாளி மாலா அக்கா என்னையே பார்த்தார்.

நான் முழங்கினேன். நெபுலா என்னும் விண்முகிலின் ஹைட்ரஜன் ஒரே அலைநீளச் சிவப்பில் ஒளிர்கிறது, அதைச் சுற்றி மூன்று நானோமீட்டரை மட்டுமே இந்த ஃபில்டர் விடுகிறது, ஊர் விளக்கொளியைத் தடுக்கிறது, ஆகவே...

“இங்க என்ன பேச்சுப் போட்டியா?” அண்ணன் கைப்பேசியை எடுத்தார்.

“என்ன லென்ஸுன்னு கேட்டியாடா?” என்றார் அக்கா.

“எஃப் ஒன்னு புள்ளி எட்டு. முழுசாத் தொறந்துதான் எடுப்பேன்,” என்றார் அண்ணன்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவரை வாசலுக்கு அழைத்தேன். எதிர் உணவகத்தின் சிவப்பு நியான் எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன.

“அண்ணே, ஃபில்டர் வழியா நேராப் பாருங்க.”

“எழுத்தே காணோம்!”

“நியான் சிவப்பு வேற, ஹைட்ரஜன் சிவப்பு வேற. இப்ப ஃபில்டர லேசாச் சாய்ச்சுப் பாருங்க.”

“ஐயோ, எழுத்து வருதுலா!”

சாய்ந்து வரும் ஒளிக்கு ஃபில்டர் விடும் அலைநீளம் நீலத்தின் பக்கம் நகர்ந்துவிடும். முழுதும் திறந்த லென்ஸின் ஓரக் கதிர்கள் அப்படித்தான் சாய்ந்து வருகின்றன. நியான் நுழைந்த அதே சாய்வில் ஹைட்ரஜன் வெளியே நிற்கிறது, அதனால்தான் படம் மங்கல் என்றேன்.

“அப்ப என் லென்ஸ்தான் திருடனா?”

“தொறப்புதாண்ணே. எஃப் நாலுக்குச் சுருக்குங்க, எக்ஸ்போஷர் நேரத்த நீட்டுங்க.”

“படம் வரட்டும், பாக்கலாம். வரலைன்னா நீ தொலைஞ்ச.”

வானம் தெளிந்த வாரத்தில் குழுவில் படம் வந்தது. ரோஜாவின் இதழ்கள் விளிம்புவரை சிவந்திருந்தன. கீழே அண்ணன் எழுதியிருந்தார்: “ஃபில்டர் ஒரிஜினல். லென்ஸை நாலுக்குச் சுருக்கவும். கடைத் தம்பி பேச்சையும்.”

அக்கா அதை உரக்க வாசித்துச் சிரித்தார். இப்போது ஃபில்டரைக் கையில் எடுக்குமுன் நான் சொல்வது ஒன்றே: “என்ன லென்ஸ்ண்ணே?”