விமலேஸ்வரி போடாத மருந்து

கண்டாவளையில் விமலேஸ்வரியைப் போல வரம்பு கட்டவும் வாய் மூடி இருக்கவும் தெரிந்த பெண் வேறு கிடையாது. கலியாணம் கட்டி வந்த நாள் முதல் மச்சாள் கமலாசனியின் குத்தல் கதைகளைக் கேட்டும் கேளாததுபோல நடந்தவள். அப்படிப்பட்டவளையே மிருகமாக்கிவிட்டது புருசன் நடராசாவின் வயிறு.

அந்த மனுசனின் வயிறு பானையாய் வீங்கத் தொடங்கியதும், தங்கச்சி கமலாசனிக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பெண்சாதிக்காரி சோற்றில் வசியமருந்து கலந்து போட்டிருக்கிறாள். அது வயிற்றுக்குள் கட்டியாகி ஆளைக் கொல்கிறது. கமலாசனியின் வாய்க்கு வேலி கிடையாது. சூடடிக்கிற களத்திலும் சொன்னாள், கோயில் வாசலிலும் சொன்னாள். ஊருக்கு இதைவிட ருசியான கதை வேறென்ன வேண்டும்?

விமலேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு, கிளாலிக் கடலால் வள்ளமேறிப் புருசனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனாள். டொக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்.

"பெருங்குடலில வந்த புற்றுநோய் அம்மா. குடலைத் துளைச்சு வெளியில வந்து, வயித்தை உள்ளுக்குச் சுத்தியிருக்கிற சவ்வு முழுக்க நெல்லு விதைச்ச மாதிரிப் பரவியிட்டுது."

சண்டையால் மின்சாரம் இல்லாத அந்த ஊரில் இருந்துகொண்டே டொக்டர் இந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். இப்படிச் சவ்வில் பரவியவர்களின் குடும்பத்தில் வேறு யாருக்கு வந்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்பார். நடராசாவின் தகப்பனும் பெரியப்பாவும் வயிறு வீங்கித்தான் செத்தவர்கள், அவள் மருமகளாய் வர முதலே. அப்போது வயிற்றில் நீர் கோக்கிற மகோதரம் என்று சொல்லி எரித்தார்கள்.

"அப்ப இது பரம்பரையில ஓடுது," என்றார் டொக்டர். "அவற்ற சகோதரங்களிட்டச் சொல்லுங்கோ. மலத்தோட ரத்தம் போனால் உடன வரவேணும். குடலோட நிக்கேக்க வெட்டினால் தப்பலாம். சவ்வுக்கு வந்தால் ஒண்டும் செய்யேலாது."

நடராசாவுக்குச் சகோதரம் என்று இருந்தது கமலாசனி மட்டும்.

செத்த வீட்டில் கமலாசனி பிரேதத்தின் தலைமாட்டில் நின்று மாரடித்தாள். "என்ர அண்ணையை மருந்து போட்டுச் சாகடிச்சிட்டாள்!" புற்றுநோய் என்று விமலேஸ்வரி சொன்னதற்கு, "டொக்டருக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றாள். ஒரு பெண்ணும் விமலேஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழ வரவில்லை. புருசனைப் பறிகொடுத்தவள் தனியே இருந்து அழுதாள். இரடி, டொக்டர் சொல்லச் சொன்னதை உனக்குச் சொல்லமாட்டன் என்று அன்றைக்குக் கறுவினாள். அந்த இடத்தில் யார்தான் கறுவமாட்டார்கள்?

பிறகு சண்டை துரத்த, எல்லாரும் மல்லாவிக்கு ஓடினார்கள். கமலாசனியின் கொட்டில் நான்கு காணி தள்ளி. அவளுடைய மகள் சாரங்கா தாய்க்குத் தெரியாமல் மாமியோடு கதைக்கிற பிள்ளை. ஒருநாள் கிணற்றடியில் மெல்லச் சொன்னாள்.

"மாமி, அம்மாவுக்கு ரத்தம் போகுது. மூலமெண்டு பரியாரியார் சூரணம் குடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?"

விமலேஸ்வரிக்கு முதலில் வந்தது சந்தோசம். தான் ஒரு பிடி சோறு போடாத இந்த வயிறும் அதேபோல வீங்கட்டும். ஊர் கண்ணால் பார்க்கட்டும். அப்போதுதான் தன் பேரிலுள்ள பழி போகும்.

"மூலந்தான் பிள்ளை. சூரணத்தையே குடிக்கச் சொல்லு," என்றாள்.

மாரி மழைக்குள் கமலாசனியின் வயிறு வீங்கிவிட்டது. பார்க்க வந்த சனம் கொட்டிலில் நிறைந்திருந்த ஒரு பின்னேரம், விமலேஸ்வரி நல்ல சீலை உடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

"மச்சாள், உங்கட அண்ணைக்கு நான் போட்டன் எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு ஆர் போட்டது?"

சனம் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. குளிர்ந்த மனம் நிற்கவில்லை. டொக்டர் சொன்ன அத்தனையையும், தகப்பன், பெரியப்பா, ரத்தம், சவ்வு என்று எல்லார் காதிலும் விழக் கொட்டித் தீர்த்தாள். கமலாசனியின் கண்ணால் நீர் வடிந்தது.

"பிழை விட்டிட்டன் மச்சாள்," என்றாள் ஈனக்குரலில். இதைக் கேட்கத்தானே விமலேஸ்வரி உயிரோடிருந்தாள்.

தாயின் காலடியில் இருந்த சாரங்கா நிமிர்ந்தாள். "ரத்தம் போகேக்கையே வெட்டியிருந்தால் அம்மா தப்பியிருப்பாவோ மாமி?"

"ஓம்," என்று வாயில் வந்த பிறகுதான் விமலேஸ்வரிக்கு உறைத்தது.

"கிணத்தடியில நான் கேக்கேக்க உங்களுக்கு இது தெரியும்."

விமலேஸ்வரிக்காக இரங்கத் தொடங்கிய முகங்கள் ஒவ்வொன்றாய் வேறு பக்கம் திரும்பின. சாரங்கா அழவில்லை, ஏசவுமில்லை. தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எனக்கும் வரலாம். அதை எப்ப சொல்ல இருந்தனீங்கள்?"

இந்தப் பிள்ளையை விமலேஸ்வரி ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.